எட்டாவது பாத்தி

மதலேனம்மாள் எங்கள் தோட்டத்தில் உப்பைக் கொட்டியது உண்மைதான். ஆனால் நாங்கள் பழி சொன்ன நாளில் அவள் கொட்டவில்லை. நாங்கள் சொன்ன இடத்திலும் கொட்டவில்லை. இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது.

அப்போது நாங்கள் கோவில்பட்டியில், தண்டவாளத்துக்கு மேற்கே காளவாசல் தெருவில் குடியிருந்தோம். தெருவில் பெரும்பாலும் தீப்பெட்டித் தொழிற்சாலையை, எங்கள் பேச்சில் ஆபீசை, நம்பிப் பிழைத்தவர்கள்தான். பெண்கள் கட்டை அடுக்க, அதாவது குச்சிகளைச் சட்டத்தில் செருக, போவோம், இல்லையென்றால் வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவோம். என் கணவர் லிங்கராஜ் மருந்து அரைத்துக்கொண்டிருந்தார். குச்சியின் தலையில் ஏறும் மருந்தைக் கலந்து அரைப்பது அவர் வேலை. இருபது வருஷத்தில் நகமெல்லாம் பழுப்பேறிவிட்டது. மழை பிடித்துக்கொண்டால் குச்சி காயாது, வேலை நின்றுவிடும். அந்த நாட்களில் தெரு முழுக்க வெறும் ரசமும் துவையலும்தான்.

2001ஆம் வருஷக் கடைசியில் ஒரு தொண்டு நிறுவனத்துப் பெண் வந்து, தெருக்கோடியில் மூடிக் கிடந்த பருத்தி ஜின்னிங் பாக்டரியின் பின்பக்கத்து நிலத்தைச் சொந்தக்காரரிடம் பேசி எங்களுக்கு வாங்கித் தந்தாள். நல்ல கரிசல். பன்னிரண்டு குடும்பம், பன்னிரண்டு பாத்தி. சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரித்தோம். எங்களுக்கு ஏழாவது விழுந்தது. எட்டாவது மதலேனம்மாளுக்கு.

அந்த நிலத்தில் நாங்கள் முதலில் செய்த வேலை முள்வேலி அடைத்தது. ஆடு வரும் என்று சொல்லிக்கொண்டோம். பிறகு வாசல் படலுக்குப் பூட்டும் போட்டோம். பூட்டைத் திறக்கிற ஆடு எது என்று யாரும் கேட்கவில்லை. சாவி கல்யாணசுந்தரியிடம் இருந்தது. அவள்தான் எங்கள் குழுவுக்குத் தலைவி. குரல் ஓங்கியவள். அவள் பேச ஆரம்பித்தால் மற்றவர்களுக்குச் சொந்த அபிப்பிராயம் என்று ஒன்று இல்லாமல் போய்விடும்.

முதல் வருஷம் விளைந்தது. அதை மறைக்கக் கூடாது. கத்தரி, வெண்டை, சீனியவரை, தண்டங்கீரை. மழைக்கு வேலை நின்ற இரண்டு வாரமும் பன்னிரண்டு வீட்டிலும் குழம்பில் காய் கிடந்தது. கூட்டத்தில் ஒரு நல்ல விதியும் போட்டோம்: பன்னிரண்டு வீட்டில் யார் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாலும், அந்த வீட்டார் எந்தப் பாத்தியிலும் கீரை கிள்ளிக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை.

தண்ணீருக்கும் விதி உண்டு. குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊர். குளித்த தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், துணி அலசிய தண்ணீர் என்று வீட்டுக்கு இரண்டு குடம் கொண்டுவந்து படலுக்கு உள்ளே இருந்த பழைய தார் டிரம்மில் ஊற்ற வேண்டும். அதிலிருந்து எல்லாரும் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். சண்டை அந்த டிரம்மில்தான் ஆரம்பித்தது.

மதலேனம்மாளுக்குச் சொந்த ஊர் உப்பளங்கள் உள்ள குளத்தூர்ப் பக்கம். மீன் விற்கிறவள். விடியற்காலையில் பஸ்ஸில் வந்து இறங்கும் கூடையை வாங்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போவாள். அவள் புருஷன் கேரளத்துக்கு வேலைக்குப் போனவன், திரும்பவில்லை. மகள் ஆஸ்லின் ஏழாவது மாதத்தில் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். ரத்தம் போதாது, தினமும் கீரை கொடு என்று ஆஸ்பத்திரி நர்ஸ் மதலேனம்மாளைத் திட்டி அனுப்பியிருந்தாள். அதனால் எட்டாவது பாத்தியில் பாதிக்கு மேல் கீரைதான்.

அவள் ஊற்றுகிற இரண்டு குடமும் மீன் கழுவிய தண்ணீர்.

"ஏ மதலேனம், டிரம்முக்குள்ள எவளுக்கு மொகத்த நீட்ட முடியுது? கொடலப் பெரட்டுது," என்றாள் கல்யாணசுந்தரி ஒரு நாள்.

"திங்கும்போது கொடலப் பெரட்டலியே. போன வாரம் சாளை கேட்டு வாங்குனியே, அது மல்லியப்பூவாட்டமா மணந்துச்சு?"

"மீன் வேற, மீன் கழுவுன தண்ணி வேற. பொதுவுல ஊத்தாத."

"சரிட்டி. என் தண்ணி உங்களுக்கு வேண்டாம், உங்க தண்ணி எனக்கு வேண்டாம். என் பாத்திக்கு நானே ஊத்திக்கிடுதேன்."

அன்று நான் கல்யாணசுந்தரி பக்கம் பேசினேன். அவள் பாத்திக்கு ஊற்றுகிற தண்ணீர் வரப்பில் கசிந்து என் பாத்தியில் நாறுகிறது என்று நானும் சேர்ந்து சொன்னேன். எனக்கு மதலேனம்மாளைப் பிடிக்காது. அவள் யாருக்கும் தலைகுனிந்து பேசமாட்டாள். நான் எல்லாருக்கும் குனிந்து பேசிப் பழகியவள். அதைத் தவிர எனக்கும் அவளுக்கும் வேறு பகை கிடையாது.

அது 2003 கோடை. கோடை மழையும் பொய்த்துவிட்டது. அடிபம்பு வறண்டுவிட்டது. குளிக்கவே தண்ணீர் இல்லாதபோது குளித்த தண்ணீருக்கு எங்கே போவது? கரிசல் பிளந்து, வெடிப்பில் கை போகும் அளவுக்கு ஆனது. செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. நான்தான் என் கணவரை நச்சரித்தேன்.

"உங்க ஆபீசுக்கு லாரித் தண்ணி வருதுல்லா? ரெண்டு கேன் கொண்டாந்தா என்ன?"

"நல்ல தண்ணிய வெளிய விடமாட்டாவ. சனிக்கிழமை தொட்டியும் தட்டும் கழுவுத தண்ணி சாக்கடைக்குத்தான் போகுது. அது வேணும்னா கொண்டாரலாம்."

"மருந்துத் தண்ணியாச்சே?"

"நனைஞ்ச மருந்து செத்த மருந்துட்டி," என்றார் அவர்.

அதைச் சொல்லாத ஆள் எங்கள் தொழிலில் இல்லை. மருந்தென்றால் எங்களுக்கு ஒரே பயம்தான், தீ. ஈரமாக இருக்கும்வரை அது பற்றாது. பற்றாத மருந்தால் கெடுதல் இல்லை. பிறந்ததிலிருந்து அப்படித்தான் நாங்கள் நம்பி வந்தோம். வேறு ஊர்க்காரன் யோசித்திருப்பான். எங்களுக்கு அந்த யோசனை வரவே இல்லை.

மூன்று சனிக்கிழமை அவர் சைக்கிளில் கேன் கட்டிக் கொண்டுவந்து டிரம்மில் ஊற்றினார். கலங்கலாக, லேசான செம்மண் நிறத்தில் இருந்தது. சோப்புத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு எல்லாரும் மொண்டு ஊற்றினார்கள். எங்கிருந்து வருகிறது என்று கேட்ட கல்யாணசுந்தரியிடம் மட்டும், "ஆபீசுல கழுவுன தண்ணி மைனி" என்று சொன்னேன். "மகராசனா இருக்கட்டும்" என்றாள். மதலேனம்மாள் டிரம் பக்கமே வரவில்லை.

மூன்றாவது சனிக்கு அப்புறம் இலை ஓரம் வெளுத்தது. பிறகு மஞ்சளாகி, முறுகி, காம்போடு உதிர்ந்தது. பதினோரு பாத்தியும் போயிற்று. காய்ந்த மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு பொருக்கு படிந்தது. எட்டாவது பாத்தி மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் கூடிவிட்டோம். கல்யாணசுந்தரி அந்த வெள்ளைப் பொருக்கை நகத்தால் சுரண்டி எடுத்து எல்லாருக்கும் காட்டினாள். ஒன்றாவது பாத்திக்காரி இசக்கியம்மாள் அதில் கொஞ்சம் வாங்கி நாக்கில் வைத்தாள்.

"ஏ ஆத்தா, உப்பு!"

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

"குளத்தூர்க்காரிக்கு உப்புக்கா பஞ்சம்? அவ தம்பி உப்பளத்துலதான கெடக்கான்."

"அதான் அவ பாத்தி மட்டும் பச்சையா நிக்குது."

"டிரம்முல கரைச்சு விட்டிருப்பா. பொதுத் தண்ணி வேண்டாம்னு அன்னைக்கே எதுக்குச் சொன்னா?"

மதலேனம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "மாதா சத்தியமா எனக்குத் தெரியாது. உப்பளத்துல பொறந்தா குத்தமாட்டி? உன் வீட்டுக் கொழம்புல உப்பில்லையா? நான் மீன் கழுவுன தண்ணிய ஊத்துதேன், பயிரு நிக்குது. நீங்க என்னத்த ஊத்துனீங்களோ!"

"பாத்தியா, நம்ம மேலயே திருப்புதா."

அப்போது கல்யாணசுந்தரி என் கணவரைக் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, நீங்க மருந்து மாயம் அறிஞ்சவிய. ஒருவாட்டி நாக்குல வச்சுப் பாத்துச் சொல்லுங்க. நாங்க பொம்பளைக சொன்னா எடுபடாது."

அவர் ஒரு சிட்டிகை எடுத்து வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகம் எனக்கு விளங்கவில்லை. நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.

"உப்புதான? வாயத் தொறந்து சொல்லுங்களேன்," என்றேன்.

"உப்பு மாதிரிதான் இருக்கு," என்றார்.

"மாதிரி என்ன மாதிரி? உப்பு!" என்று முடித்தாள் கல்யாணசுந்தரி.

அங்கேயே தீர்மானம் ஆனது. மதலேனம்மாளுக்கு இனித் தோட்டத்தில் பாத்தி இல்லை. எட்டாவது பாத்தியில் நிற்பதை, மற்றவர்கள் பாத்தி தேறும்வரை, பதினோரு வீட்டுக்கும் பங்கு வைக்க வேண்டும். பத்தாவது படித்தவள் என்பதால் குழு நோட்டில் நான்தான் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கதவைச் சாத்தினார்.

"அது உப்பில்ல ராதா. மருந்துல சேர்க்குத குளோரேட்டு. நாக்கு குளுந்து போச்சு. எங்க ஆபீசுத் தண்ணிதான் கொன்னுருக்கு."

"உப்புன்னு சொன்னீங்களே!"

"நீ கேட்டல்லா."

இப்போதும் அந்தப் பதில்தான் எனக்கு எல்லாவற்றையும் விடக் கனமாக இருக்கிறது. அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். மறுநாளே கூட்டத்தில் சொல்லிவிடுகிறேன் என்றார். நான் விடவில்லை. குளோரேட்டு லைசன்சுக்கு உட்பட்ட சரக்கு, கழுவிய தண்ணீரைக்கூட வெளியே கொண்டுபோனது முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும் என்றேன். பதினோரு வீடும் நம் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றும் என்றேன். "அவளுக்கு வாய் இருக்கு, அவ பொழைச்சுக்கிடுவா. நமக்கு என்ன இருக்கு?" என்றேன். அவர் வாதாடத் தெரியாதவர்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், காய்ந்த செடிகளைப் பிடுங்கி நடுவில் குவித்து இசக்கியம்மாள் குச்சியைக் கிழித்துப் போட்டாள்.

காய்ந்த கத்தரிச் செடி எப்படி எரியும் என்று எல்லாருக்கும் தெரியும். இது அப்படி எரியவில்லை. சர்ரென்று சீறிக்கொண்டு எழுந்தது. பொரிப்பொரியாகத் தெறித்தது. தீயின் ஓரத்தில் ஊதா நிறம் ஓடியது. இசக்கியம்மாள் முந்தானையை இழுத்துக்கொண்டு பின்னால் குதித்தாள். பதினோரு வீட்டுப் பெண்களும் சுற்றி நின்றோம். எட்டு வயதிலிருந்து தீப்பெட்டிக்குள் வளர்ந்தவர்கள். அந்தச் சீறலைக் காதாலும் அந்த நெடியை மூக்காலும் அறியாதவள் எங்களில் ஒருத்தியும் இல்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வேலிக்கு வெளியே தெருவில் மதலேனம்மாள் காலிக் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். மீன் விற்க ஆரம்பிப்பதற்கு முன்பு அவளும் கட்டை அடுக்கியவள்தான். அவள் பார்வை தீயிலிருந்து நேராக, வேலைவிட்டு வந்து என் பின்னால் நின்ற என் கணவரிடம் போனது.

"உப்பு தீயில வெடிக்கத்தான செய்யும்," என்றாள் கல்யாணசுந்தரி. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஆமா, வெடிக்கும்," என்றாள் இசக்கியம்மாள்.

அவ்வளவுதான். ஏன் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. உயிரோடு ஒரே ஒரு பாத்திதான் மிச்சம் இருந்தது. அவள் குற்றவாளி இல்லை என்றால் அதில் எங்களுக்குப் பங்கு இல்லை.

புதன்கிழமை ஆஸ்லின் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கீரை கிள்ள வந்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கேட்க வேண்டியதில்லை என்ற விதியை நம்பி வந்திருந்தாள். இசக்கியம்மாள் படலைச் சாத்திக்கொண்டாள்.

"அது குழுவுல உள்ளவியளுக்கு. ஒங்கம்மைதான் குழுவுல இல்லையே, போயிருட்டி."

நான் பத்தடி தூரத்தில் நின்றேன். ஆஸ்லின் என்னைப் பார்த்து, "அக்கா, ஒரு பிடி" என்றாள். நான் குனிந்து, களையே இல்லாத என் பாத்தியில் களை பிடுங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பங்கு வைக்கிற நாள். பதினோரு வீட்டாரும் பையும் பாத்திரமுமாக வந்திருந்தோம். பத்து மணி போல ஒரு ஆட்டோ வந்து நின்றது. மதலேனம்மாள் இறங்கினாள். ஆட்டோக்காரரும் அவளுமாக இரண்டு சாக்கு மூட்டையையும் ஒரு குடம் தண்ணீரையும் இறக்கினார்கள். கல்யாணசுந்தரி படலை மறிக்கப் போனாள். மதலேனம்மாள் தடுத்த கையைத் தட்டிவிட்டு, ஒரு மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நேராக எட்டாவது பாத்திக்குப் போனாள். இடுப்பிலிருந்த மீன் கத்தியால் சாக்கின் வாயைக் கிழித்தாள். கல் உப்பு. கீரையின் மேல், வெண்டையின் மேல், வரப்பு விளிம்புவரை கொட்டினாள். திரும்பிப் போய் இரண்டாவது மூட்டையையும் கொண்டுவந்து கொட்டினாள். குடத்துத் தண்ணீரை மேலே ஊற்றி, காலால் மிதித்துக் கரைத்தாள்.

"ஐயோ, நிக்குத பயிரக் கொல்லுதாளே பாவி!" என்று கத்தினாள் இசக்கியம்மாள்.

"இதாம்ட்டி உப்பு. எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க. எங்க தம்பி அளத்து உப்பு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இதையும் நாக்குல வச்சுப் பாருங்க. அன்னைக்குத் தின்னதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரிஞ்சவிய யாராவது இங்கன இருந்தா, இப்பச் சொல்லுங்க. நான் காத்து நிக்கேன்."

உண்மையாகவே காத்து நின்றாள். உப்புக் கரைந்த சேறு கணுக்கால்வரை அப்பியிருந்தது. என் கணவர் என் பக்கத்தில் நின்றார். அவர் ஒரு எட்டு எடுத்து வைத்ததை உணர்ந்தேன். அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். நகம் பதியும் அளவுக்குப் பிடித்தேன். அவர் நின்றுவிட்டார்.

"சரி," என்றாள் மதலேனம்மாள். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஐப்பசியில் நல்ல மழை பெய்து பதினோரு பாத்தியும் தேறின. குளோரேட்டு கழுவிக்கொண்டு போய்விட்டது. உப்பு போகவில்லை. எட்டாவது பாத்தியில் மழை நின்ற பிறகும் தண்ணீர் இறங்காமல் பிசின் போல நின்றது. அதற்கு முன்பே ஆஸ்லினுக்கு ஆண்குழந்தை பிறந்திருந்தது. எடை குறைவு என்று பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பிழைத்தது.

அந்தத் தை மாதம் என் கணவர் எட்டாவது பாத்தியை வெட்ட ஆரம்பித்தார். வேலைக்குப் போய்விட்டு வந்து, இருட்டும்வரை முழங்கால் ஆழத்துக்கு மண்ணை வெட்டிக் கூடை கூடையாக வெளியே கொட்டினார். பிறகு கம்மாயிலிருந்து சைக்கிளில் வண்டல் கொண்டுவந்து நிரப்பினார். நாற்பது நாளுக்கு மேல் ஆனது. ஏற்கெனவே அவருக்கு இருமல். "அண்ணாச்சிக்கு என்ன கிறுக்கா?" என்று பெண்கள் கேட்டார்கள். கல்யாணசுந்தரி மட்டும் கேட்கவில்லை.

முடிந்த அன்று மதலேனம்மாள் வீட்டு வாசலில் போய் நின்று, "பாத்திய சரி பண்ணிட்டேன்மா. வந்து நட்டுக்கிடுங்க" என்றார். நான் தெருவில் நின்றேன். அவள் வெளியே வரவில்லை, உள்ளிருந்தே பதில் சொன்னாள்.

"சபையில வாயத் தொறக்காதவியட்ட எனக்கு மண்ணு வேண்டாம் அண்ணாச்சி. சொல்லுதத அங்கன சொல்லிட்டு வாங்க. அப்புறம் வாரேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. எட்டாவது பாத்தியைக் கல்யாணசுந்தரி தன் நாத்தனாருக்குக் கொடுத்தாள்.

2007 கார்த்திகையில் அவர் இறந்தார். நெஞ்சு முழுக்கச் சளி கட்டி, கடைசி இரண்டு மாதம் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். மூன்றாம் நாள் துக்கம் விசாரித்துத் துட்டி கேட்கத் தெருப் பெண்கள் எல்லாரும் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். "மருந்து தொட்ட கையி, ஒரு மனுசன நோகத் தொடல" என்று கல்யாணசுந்தரி ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தாள். மதலேனம்மாள் வந்தாள். கூடையை வெளியே வைத்துவிட்டு, எல்லாருக்கும் பின்னால் சுவரோரமாக உட்கார்ந்தாள். அவள் அழவில்லை.

இனிப் பறிபோவதற்கு அவர் வேலையும் இல்லை, அவரும் இல்லை. நான் தலையை நிமிர்த்திச் சொன்னேன். "அன்னைக்கு அது உப்பில்ல. எங்க வீட்டுக்காரவிய கொண்டாந்த மருந்துத் தண்ணி. நான்தான் கொண்டாரச் சொன்னேன். சொல்ல விடாம வச்சதும் நான்தான். மதலேனம்மா ஒண்ணும் செய்யல."

ஒப்பாரி நின்றது. இசக்கியம்மாள் என் தலையைத் தன் தோளில் இழுத்துச் சாய்த்துக்கொண்டாள். "துக்கத்துல என்னமோ பெனாத்துதா. யாராவது கொஞ்சம் சுக்குத்தண்ணி கொண்டாங்க."

"நான் பெனாத்தல," என்றேன்.

மதலேனம்மாள் எழுந்துவிட்டாள். சேலையைத் தட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"இங்கன உள்ளவியளுக்குத் தெரியாததையா சொல்லிட்ட? எனக்கு அன்னைக்கே தெரியும். இவளுவளுக்கும் தெரியும். உன் வீட்டுக்காரவிய மூச்சோட இருக்கையில சொல்லியிருந்தா, அவியளுக்காவது ஆறுதலா இருந்திருக்கும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கல்யாணசுந்தரி மார்பில் அடித்துக்கொண்டு, முன்னைவிட உரக்க, விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடங்கினாள். ஒவ்வொருத்தியாக மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.